வெள்ளைப் பூச்சை உரித்துக் கல்லைக் காட்டலாமா? ஊர்த் தேவாலயம் ஒன்றின் வயதும் சுவரும்

வடலி எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள சிறிய அங்கிலிக்கன் தேவாலயம் ஒன்றுக்கு விபரக் கையேடு தயாராகிறது. திருத்த வேலையும் தொடங்க இருக்கிறது. இரண்டிலும் சில சந்தேகங்கள் உண்டு. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

கட்டடம் இப்படி: சனங்கள் இருக்கும் நடுக்கூடம் உள்ளளவில் 46 அடி நீளம், 20 அடி அகலம். கிழக்கே ஒரு பெரிய வளைவு. அதற்கு அப்பால் பீடப்பகுதி, 16 அடிக்கு 15 அடி. நடுக்கூடத்து வடக்கு, தெற்குச் சுவர்கள் 2 அடி 10 அங்குலத் தடிப்பு. பீடப்பகுதிச் சுவர்கள் 2 அடிதான். பக்கத்துக்கு நான்கு யன்னல், எல்லாம் மேலே கூராக முடிபவை. தெற்கே வாசல் முகப்பு. மேற்கு முகட்டுச் சுவரின் உச்சியில் ஒரே ஒரு மணி தொங்கும் சிறு மாடம். கூரை தட்டை ஓடு. கழற்றிய ஓடு ஒன்றின் அடியில் 1865 என்று இருக்கிறது.

கேள்வி மூன்று.

பழைய மலரில் 'ஒல்லாந்தர் கட்டியது' என்று இருக்கிறது. பார்வைக்கு இங்கிலாந்துக் கிராமத்துத் தேவாலயம் போல இருக்கிறது. எது சரி? ஓட்டில் உள்ள ஆண்டைக் கட்டிய ஆண்டாக எடுக்கலாமா?

பீடப்பகுதி நடுக்கூடத்தோடு நேராக இல்லை, சற்று வடக்கே திரும்பியிருக்கிறது. சிலுவையில் இயேசுவின் தலை சாய்ந்ததைக் காட்டவே அப்படிக் கட்டினார்கள் என்கிறார்கள். இதைக் கையேட்டில் போடலாமா?

மூன்றாவதுதான் அவசரம். நிலத்திலிருந்து நாலடி உயரத்துக்குப் பூச்சு பொருமி விழுகிறது, வெள்ளையாக உப்புப் பூக்கிறது. எல்லாப் பூச்சையும் உரித்து, கல்லை அப்படியே காட்டி, இடுக்குகளைச் சீமெந்தால் அடைத்தால் இங்கிலாந்துத் தேவாலயம் மாதிரி வடிவாக இருக்கும் என்று சபையில் பலர் சொல்கிறார்கள். செய்யலாமா?


தென்வாசல் எழுதியது:

உரிக்கும் வேலையை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். மற்ற இரண்டும் ஆறுதலாகப் பார்க்கக்கூடியவை.

'இங்கிலாந்துத் தேவாலயம் என்றால் வெறுங்கல்' என்ற எண்ணமே பிழையானது. அங்கே கிராமத்துத் தேவாலயங்களில் பெரும்பாலானவை ஒழுங்கற்ற கற்களைச் சாந்தில் அடுக்கி எழுப்பியவை. அத்தகைய சுவரை உள்ளும் புறமும் சுண்ணாம்பால் பூசி வெள்ளையடிப்பதுதான் மத்திய காலத்து வழக்கம். உட்சுவரில் வேதாகமக் காட்சிகளைத் தீட்டினார்கள். 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தின்போது அவற்றின்மேல் வெள்ளை அடித்தார்கள். அந்த வெள்ளையே பல ஓவியங்களைக் காப்பாற்றியும் வைத்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் 'புனருத்தாரணம்' என்ற பெயரில் பூச்சைச் சுரண்டினார்கள். ஓவியங்கள் போயின, அடைத்த வாசல்களின் தடம் போயிற்று, மறைந்திருக்க வேண்டிய முண்டுக்கல்லெல்லாம் வெளியே வந்தது. அதை எதிர்த்து 1877இல் வில்லியம் மொரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்துக்குச் 'சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்' என்றே பட்டப்பெயர் விழுந்தது. அங்கே பிழையென்று ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கண்ட வேலையை நாம் இங்கே அழகென்று தொடங்கக் கூடாது. இன்று அந்த நாட்டு அங்கிலிக்கன் சபையில், மறைமாவட்டத்தின் முறையான அனுமதி கிடைக்காமல் இப்படி ஒரு மாற்றத்தைச் செய்யவே முடியாது.

இனி வயது. சிறிய ஆங்கிலத் தேவாலயத்தின் அடிப்படை இரண்டு அறைதான்: சனங்களுக்கு நடுக்கூடம், கிழக்கே குருவானவருக்குப் பீடப்பகுதி. மத்திய கால முறைப்படி நடுக்கூடத்தைப் பராமரிப்பது ஊரவர் பொறுப்பு, பீடப்பகுதி தசமபாகம் பெறும் குருவானவர் பொறுப்பு. பணம் வரும் வழி வேறு, வரும் காலம் வேறு. ஆகவே ஒரே கட்டடத்தில் வளைவுக்கு இந்தப் பக்கம் ஒரு நூற்றாண்டும் அந்தப் பக்கம் இன்னொன்றுமாக இருப்பது அங்கே சாதாரணம். சுவரின் தடிப்பு மாறும் இடத்தில் கட்டிய கையும் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பாணிகளுக்கு இன்றும் புழங்கும் பெயர்களை 1817இல் தோமஸ் றிக்மன் வகுத்தார். அண்ணளவாக: அரைவட்ட வளைவும் பருத்த சுவருமாக நோமன், 1066 முதல் 12ஆம் நூற்றாண்டின் கடைசி வரை. ஈட்டிமுனை போன்ற ஒடுங்கிய கூர் யன்னல்கள் 13ஆம் நூற்றாண்டு. இதுதான் முற்கால ஆங்கிலப் பாணி. யன்னல் தலையில் கொடிபோலக் கல் இழைத்திருந்தால் 14ஆம் நூற்றாண்டின் அலங்காரப் பாணி. அதன் பிறகு 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, நெடுங்குத்தான கற்சட்டங்களும் தட்டையான வளைவும் கொண்ட செங்குத்துப் பாணி.

ஆனால் யன்னலின் வயது சுவரின் வயது ஆகாது. டறம் மாவட்டத்து எஸ்கோம் தேவாலயம் 7ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் சுவரில் 13ஆம் நூற்றாண்டின் கூர் யன்னல்களும் பிறகு வெட்டிச் செருகப்பட்டன. கற்களோ அதைவிடப் பழையவை, அயலில் உள்ள பின்செஸ்ரர் உரோமக் கோட்டையிலிருந்து எடுத்தவை. உரோமரின் ஆறாம் படைப்பிரிவின் பெயர் பொறித்த கல் ஒன்று வடக்குச் சுவரில் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. ஒரே சுவரில் மூன்று காலம். யன்னலை மட்டும் பார்த்து ஆண்டு சொல்பவர் அங்கே ஐந்நூறு ஆண்டுக்கு மேல் தவறுவார்.

உங்களுடைய கூர் யன்னல்கள் 13ஆம் நூற்றாண்டைப் பார்த்துச் செய்த 19ஆம் நூற்றாண்டு வேலை. 1818இல் பிரித்தானியப் பாராளுமன்றம் புதிய தேவாலயங்களுக்குப் பத்து இலட்சம் பவுண் ஒதுக்கியது. அந்தப் பணத்தில் எழுந்தவற்றில் ஏராளமானவை இதே கூர் யன்னல் வைத்த எளிய பெட்டி வடிவங்கள். கொடி இழைக்கும் கற்சிற்பி தேவையில்லை, செலவு குறைவு. ஜோசப் நைற் முதலிய சேர்ச் மிசன் சங்கத்தார் இலங்கைக்கு வந்ததும் அதே 1818இல்தான். பிரசங்கமே அவர்களுக்கு முதன்மை, ஆழமான பீடப்பகுதியில் நாட்டமில்லை. 1839இல் கேம்பிறிட்ஜில் தேவாலயக் கட்டடக்கலைக்கென்று தொடங்கிய கம்டன் சங்கம்தான் 'ஆழமான பீடப்பகுதி இல்லாமல் தேவாலயம் இல்லை' என்று வலியுறுத்தியது, குடியேற்ற நாடுகளிலும் அந்தக் கருத்து பரவியது. ஆகவே உங்கள் 16 அடிப் பீடப்பகுதி 1840களுக்குப் பின் ஒட்டப்பட்டதாக இருக்கலாம். தடிப்பு மாறுவதும் அதற்கு ஒத்துப் போகிறது. இது ஊகம்தான், சுவர் சாட்சி சொல்ல வேண்டும்.

சாய்வு பற்றி: 'இயேசுவின் தலை' விளக்கம் இங்கிலாந்திலும் ஊருக்கு ஊர் சொல்லப்படுவது. மத்திய கால ஆதாரம் எதுவும் அதற்கு இல்லை. வடக்கே திரும்பியவையும் உண்டு, தெற்கே திரும்பியவையும் உண்டு. பெரும்பாலும் நடந்தது இதுதான்: பழைய கூடத்தில் வழிபாடு நடக்கும்போதே வெளியே புதிய அத்திவாரம் போட்டார்கள். நடுவில் சுவர் மறைப்பதால் கயிற்றை நேராக இழுக்க வழியில்லை. கடைசியில் சுவரை உடைத்து இணைக்கும்போது கோணல் தெரியவரும். கையேட்டில் 'ஊரார் இப்படிச் சொல்வர்' என்று போடுங்கள், காரணம் என்று போட வேண்டாம். கோணலை அளக்க, பீடப்பகுதியின் இரண்டு மூலைவிட்டத்தையும் நாடாவால் அளவுங்கள். இரண்டும் சமமானால் அறையின் மூலைகள் சரியான செங்கோணம், முழு அறையுமே திரும்பியிருக்கிறது. சமமில்லையானால் ஒரு சுவராவது விலகியிருக்கிறது.


பீலிஓடு எழுதியது:

ஓட்டில 1865 எண்டு கிடந்தால் அது கூரையின்ர ஆண்டும் இல்லை, ஓட்டின்ர ஆண்டும் இல்லை. மங்களூரில பாசல் மிசன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கின ஆண்டு. எத்தினையோ வருசம் அதே அச்சிலதான் வார்த்தவை. அதுக்கு முந்தி இஞ்சை பனஞ்சலாகைக்கு மேல பீலி ஓடு, இல்லாட்டிக் கிடுகு. அதனால உங்கட கூரை ஒருக்காலாவது மாறியிருக்கும்.

பூச்சை உடைக்காமலே சுவரைப் படிக்க ரண்டு வழி இருக்கு. முதலாவது, இரவில ரோச் லைற்றைச் சுவரோட ஒட்டிப் பிடிச்சு, சாய்வாய் அடியுங்கோ. அடைச்ச வாசல், வெட்டின யன்னல் எல்லாம் பூச்சுக்குக் கீழ மெல்லிய மேடாயும் வெடிப்பாயும் தெரியும். ரண்டாவது, ஏணி வைச்சுக் கூரைக்குள்ள ஏறிச் சுவரின்ர தலையைப் பாருங்கோ. தீராந்தி இருக்கிற மட்டத்துக்கு மேல அனேகமா ஒருத்தரும் பூசுறேல்லை. கல்லு முருகைக்கல்லோ, கிண்டி எடுத்த சுண்ணக்கல்லோ, சாந்துக்குள்ள சிப்பித்துண்டு, கரித்துண்டு கிடக்கோ எண்டு அங்கை பார்க்கலாம். மேற்கு முகட்டுச் சுவரின்ர உள்பக்கத்தில பழைய கூரை இருந்த சாய்கோடும் சில வேளை கிடக்கும்.

'ஒல்லாந்தர் கட்டினது', 'மிசனரிமார் கட்டினது' ரண்டும் ஒண்டாய்ச் சரியாயிருக்கலாம். 1816இல வந்த அமெரிக்க மிசனுக்குத் தெல்லிப்பழையிலயும் வட்டுக்கோட்டையிலயும் கிடைச்சது முந்தினவையின்ர இடிஞ்ச கோவில்கள்தான். அதுகளைத் திருத்தித்தான் பாவிச்சவை. முருகைக்கல்லில எழும்பின பெருஞ்சுவர் எப்பிடி இருக்கும் எண்டு பார்க்கிறதெண்டால் சங்கானையில நிக்கிற பழைய கோவிற் சுவரைப் போய்ப் பாருங்கோ. ஒல்லாந்தர் 1706இல கோட்டைக்குள்ள கட்டின சிலுவை வடிவக் கோவில் போரில அழிஞ்சுபோச்சு. பழைய படங்களில அதின்ர முகப்பு வடிவம் தெரியும். இங்கிலாந்துக் கூர் யன்னலுக்கும் அதுக்கும் ஒரு ஒற்றுமையும் இல்லை.

எழுத்துச் சான்றுக்கு: 1658இல ஒல்லாந்தரோட வந்த பால்தேயு பாதிரியாரின்ர நூல் 1672இல வந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கோவில்களின்ர படம் ஊர் ஊராய் அதில இருக்கு, உங்கட ஊர்ப் பேரைத் தேடுங்கோ. ஒல்லாந்தத் தோம்புகளுக்கு, அதாவது பழைய பதிவேடுகளுக்கு, கொழும்பில தேசிய சுவடிகள் திணைக்களம். சேர்ச் மிசன் கடிதங்கள் பேமிங்காம் பல்கலைக்கழக நூலகத்தில. ஞானஸ்நானப் பதிவேட்டின்ர முதல் தேதியையும் பாருங்கோ, ஆனால் கட்டடத்துக்கு முந்தியே சபை தொடங்கியிருக்கும். 'அபிஷேகம் செய்த ஆண்டு' எண்டு எங்கையும் கண்டால் எந்த மேற்றிராணியார் எண்டு பாருங்கோ. முதலில இலங்கை கல்கத்தா மேற்றிராணியாருக்குக் கீழ, 1835க்குப் பிறகு சென்னைக்குக் கீழ. கொழும்புக்குத் தனி மேற்றிராணியார் வந்தது 1845இல, ஜேம்ஸ் சப்மன். பேரும் ஆண்டும் ஒத்துவராட்டி மலரில எங்கையோ பிழை.


வடலி எழுதியது:

மிக்க நன்றி. கூரைக்குள் ஏறிப் பார்த்ததில் தெரிந்தவை: வடக்கு, தெற்குச் சுவர்த் தலைகள் முருகைக்கல், சாந்தில் சிப்பித்துண்டு நிறைய. பீடப்பகுதி சுண்ணக்கல். இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழே ஒரே நேர்க்கோடு, கல்லோடு கல் பின்னவில்லை. பூச்சு விழுந்த ஒரு யன்னலின் ஓரத்தில் செங்கல் தெரிகிறது. அப்படியானால் யன்னல் பிறகு வெட்டியதா?


தென்வாசல் எழுதியது:

நேர்க்கோடு நல்ல சாட்சி. பீடப்பகுதி தனியாக வந்தது என்பது இப்போது உறுதி.

செங்கல்லை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். முண்டுக்கல்லில் கூர் வளைவு கட்ட வராது, ஆகவே புதிதாகக் கட்டும்போதே யன்னல் ஓரத்துக்குச் செங்கல் வைப்பதும் உண்டு. வேறுபாடு விளிம்பில்தான். செங்கற்கள் பல்லுப் பல்லாகக் கல்வரிசைக்குள் ஏறி, இரு பக்கமும் ஒரே சிப்பிச் சாந்து இருந்தால் சுவரும் யன்னலும் ஒரே காலம். செங்கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓட்டுத்துண்டும் சல்லியும் திணித்து, சாந்தின் நிறமும் மாறினால் பிறகு வெட்டிச் செருகியது. ஒரு யன்னலில் மட்டும் பார்க்காமல் எட்டிலும் பாருங்கள். பார்த்ததைப் படம் எடுத்து, அளவுகோலை அருகில் வைத்து, எந்தச் சுவர், தரையிலிருந்து எத்தனை அடி என்று எழுதி வையுங்கள். பூசிய பிறகு அந்தப் படம்தான் மிஞ்சும்.

அலங்காரமாகச் செதுக்கிய கல் ஏதும் சுவருக்குள் தென்பட்டால் கழற்றாமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். போர்த்துக்கேயர் இடித்த சைவக் கோவில்களின் கற்கள் பிற்காலக் கட்டடங்களுக்குள் போன மண் இது.


கல்லும்சாந்தும் எழுதியது:

பூச்சு ஏன் விழுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நாலடி வரைக்கும்தான் விழுகிறது என்றால் ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நீரை உறிஞ்சும், பிறகு காற்றில் விடும். அந்த மூச்சு நடக்கும்வரை சுவருக்குக் கேடில்லை. பொருமும் பூச்சு சீமெந்தாகத்தான் இருக்கும். காங்கேசன்துறை ஆலை 1950இல் தொடங்கிய பிறகு இங்கே எதற்கும் சீமெந்துதான் கைமருந்தாயிற்று. சீமெந்து ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். நீர் வேறு வழி தேடி மேலே ஏறும், அதோடு உப்பும் ஏறும். பூச்சுக்குப் பின்னால் உப்பு பளிங்காக உறைந்து பருக்கும்போது கல்லின் முகத்தையே தூளாக்கித் தள்ளுகிறது. இடுக்கை மட்டும் சீமெந்தால் அடைத்தாலும் இதே கதிதான்: சாந்து கல்லாக நிற்கும், நடுவில் இருக்கும் மெதுவான முருகைக்கல் குழிந்து போகும்.

பூச்சுக்கு முன் நீரைப் பாருங்கள். முகட்டுச் சுவர் கூரைக்கு மேலே உயர்ந்து நின்றால், ஓடும் சுவரும் சேரும் கோடுதான் மாரியில் முதலில் ஒழுகும் இடம். பிறகு பீலி, அதன்பின் நிலம். சுவரைச் சுற்றிக் கொங்கிறீற் போட்டிருந்தால் அது ஈரத்தைச் சுவருக்குள் தள்ளும். சுவரோடு ஒட்டிய ஒன்றரை அடியையாவது வெட்டி எடுங்கள். வெளி மண் உள் தரையைவிட உயர்ந்திருந்தால் தரை மட்டத்துக்கு 6 அங்குலம் கீழே இறக்குங்கள். ஆனால் அத்திவாரம் எவ்வளவு ஆழம் என்று ஒரு இடத்தில் குழி வெட்டிப் பார்க்காமல் நீளக் கிடங்கு தோண்டக் கூடாது, பழைய சுவர்கள் சிலது இரண்டடியில்தான் நிற்கும்.

சீமெந்தை எடுக்கும்போது கையுளியும் சிறு சுத்தியலும் மட்டும், இயந்திரம் வேண்டாம். முதலில் ஒரு சதுர யாரில் பரீட்சை. தட்டினால் பொள்ளென்று கேட்கும் இடம் தானாகக் கழரும். கல்லின் முகத்தோடு சேர்ந்து பெயர்ந்தால் அந்த இடத்தை விடுங்கள். ஒட்டி நிற்கும் பழைய சுண்ணாம்புப் பூச்சையும் தொடாதீர்கள். பிறகு உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி வாருங்கள், கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். தை கடைசியில் உரித்து, சித்திரை வரை காயவிட்டு, வைகாசி, ஆனியில் பூசினால் ஐப்பசி மழைக்கு முன் சுண்ணாம்புக்கு மூன்று மாதமாவது கிடைக்கும்.

சுண்ணாம்பு: நீற்றி, ஒரு அங்குல நீருக்கு அடியில் மூன்று மாதமாவது கிடந்த களி. நீற்றும்போது தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம். பையில் வரும் சுண்ணாம்புத் தூள் வாங்கினால் ஒரு சிட்டிகைக்கு மேல் வினாகிரி விட்டுப் பாருங்கள். நன்றாக நுரைத்தால் பழுதாகிவிட்டது.

மணல்தான் இங்கே பெரிய வில்லங்கம். வடமராட்சிக் கிழக்கு மணல் நுண்மையானது, உப்பும் இருக்கும். கழுவிய நீர் நாக்கில் கரிக்காத வரைக்கும் கழுவுங்கள். பருமணலும் நுண்மணலும் கலந்தால் நல்லது. கலவையின் அளவை ஊகிக்கத் தேவையில்லை: காய்ந்த மணல் ஒரு லீற்றர் எடுத்து, அளந்த நீரை மேலே தெரியும்வரை ஊற்றுங்கள். ஏறக்குறைய 330 மில்லிலீற்றர் பிடித்தால் மணல் மூன்றுக்குக் களி ஒன்று. 400 பிடித்தால் இரண்டரைக்கு ஒன்று. மணலின் இடைவெளியை நிரப்பும் அளவே சுண்ணாம்பு. கூடினால் வெடிக்கும், குறைந்தால் உதிரும். 10 சதுர மீற்றருக்கு 10 மில்லிமீற்றர் படை என்றால் மணல் 100 லீற்றர், களி 33 லீற்றர், அதற்கு மேல் பத்தில் ஒன்று சேதாரம். கலக்கவும் நனைக்கவும் உவர்க்கிணற்று நீர் ஆகாது. மழைநீர் அல்லது நன்னீர்.

இடுக்குகளை ஒரு அங்குல ஆழம் வரை கிளறி, பெரிய பொந்துகளைச் சாந்தும் செருகுகல்லுமாக அடையுங்கள். முதல்நாள் மாலையும் பூசும் காலையும் சுவரை நனையுங்கள். ஒரு படை 10 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். சாந்தகப்பையால் எறிந்து ஒட்டி, மேற்பரப்பைக் கீறி விடுங்கள். பெருவிரல் அமிழாமல் நகம் மட்டும் கீறும் பதம் வந்ததும் அடுத்த படை. கடைசிப் படை 3 முதல் 5 மில்லிமீற்றர், கல்லின் ஏற்ற இறக்கத்தைத் தழுவிப் போகட்டும், கண்ணாடி மாதிரி மட்டம் பிடிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு படைக்கும் ஒரு கிழமை நனைந்த சாக்குத் தொங்கவிடுங்கள். சோளகக் காற்றில் ஒரே நாளில் காய்ந்தால் அது இறுகியதாகாது, வெறும் தூள்தான். சுண்ணாம்பு ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைத்தால்தான் கல்லாகும், அதுவும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வேகத்தில். மேலே பால்போல் தண்ணிச் சுண்ணாம்பு நாலைந்து தரம். பிளாஸ்ரிக் பெயின்ற் அடித்தால் இவ்வளவு வேலையும் வீண்.


பீலிஓடு எழுதியது:

ஒரு சந்தேகம். கெதியாய் இறுக எண்டு பத்துக்கு ஒரு பங்கு சீமெந்து சேர்க்கிற மேசன்மார் இருக்கினம். அது பரவாயில்லையோ?


கல்லும்சாந்தும் எழுதியது:

வேண்டாம். அந்த அளவுச் சீமெந்து பலத்தையும் தராது, சுண்ணாம்பு தன் பாட்டில் இறுகவும் விடாது. இறுகும்போது இரண்டும் பிரிந்து, உதிரும் சாந்துதான் மிஞ்சும். கெதி வேண்டுமானால் ஓட்டையோ குறைந்த சூட்டில் சுட்ட செங்கல்லையோ மாவாக இடித்துச் சலித்து, களியில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் சேர்க்கலாம். நிறம் சற்றுச் சிவக்கும், கீழ்ப்படைக்கு மட்டும் போதும்.

வடலிக்கு இன்னொன்று: செங்கல் தெரியும் அந்த யன்னல் ஓரத்தைத் தென்வாசல் சொன்னபடி படம் எடுத்த பிறகுதான் மேசனைக் கூப்பிடுங்கள்.